கடைமடைக்கு ஒரு கண் வையுங்கள்

பெங்களூரின் குடிநீர்க் குழாய்களுக்குத் தொலைக்கண்காணிப்பும் தொலைக்கட்டுப்பாடும் அமைக்கும் வேலையில் இருக்கிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஊரில் எந்த ஆட்டோமேஷன் கம்பெனியின் கேன்டீனுக்குள் நுழைந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு மேசைக்கு ஒரு மேசையில் தமிழ் காதில் விழும். அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். என் கன்னடம் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேனோடு பேசப் போதும். மடல் எழுதப் போதாது.

நான் பிறந்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில், தலைஞாயிறு பக்கம். காவிரியின் கடைமடை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள், நாலு நாள் கழித்துக் கல்லணையைத் திறந்தார்கள், இத்தனை ஆயிரம் கன அடி என்று ரேடியோ சொல்லும். அப்பா முழுச் செய்தியையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, நம்ம மடைக்கு எப்ப வரும்?" என்பார். ஷட்டரைத் திறக்கும் லஸ்கர் சைக்கிளில் வருகிறாரா என்று பார்க்கப் பையன்களை வாய்க்கால் கரைக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு லஸ்கரின் முகமே ரேடியோவைவிட நம்பகமான செய்தி.

பிழைப்புக்காக இங்கே வந்து, ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்து அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே இருந்துகொண்டு. இந்த ஆற்றைப் பற்றி இந்த ஊரில் தமிழில் சத்தமாகப் பேசும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இல்லை. அதனால் டி.எம்.சி. கணக்குக்குள் போகவில்லை. தண்ணீர் குழாய்க்குள் நுழைந்த பிறகு நடப்பதை மட்டும் பேசுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அறிவு உண்டு.

நீங்கள் கையில் எடுத்திருப்பது சின்ன வேலை இல்லை. மளவள்ளி தாலுகாவில் உள்ள தொரேகாடனஹள்ளியில் தண்ணீரைச் சுத்திகரித்து, அங்கேயும் ஹாரோஹள்ளியிலும் தாதகுணியிலுமாக மூன்று இடங்களில் பம்ப் வைத்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரமும் அரை கிலோமீட்டர் உயரமும் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974இல் முதல் கட்டம் வந்தபோது ஒரு நாளைக்கு 13.5 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் மட்டுமே 77.5 கோடி லிட்டர். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்கட்டணத்துக்கே போவது இந்த ஏற்றத்தால்தான். அப்படி ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர் ஊருக்குள் எங்கேயோ மண்ணுக்குள் கசிந்தால் தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தே போகிறது. ஆகவே அளக்க வேண்டும், கண்காணிக்க வேண்டும், தேவைப்பட்டால் தூரத்திலிருந்தே திறந்து மூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. "பழைய காலமே மேல்" என்று எழுதும் கிழவனாக என்னை நினைத்துவிடாதீர்கள்.

என் கவலை வேறு. ஸ்காடா, அதாவது இந்தத் தொலைக்கண்காணிப்பு, தொலைக்கட்டுப்பாட்டுத் திட்டம் என்றால் முதலில் பம்ப் ஹவுஸ், அப்புறம் பெரிய குழாய், அப்புறம் தரைமட்டத் தொட்டி என்று வேலை மேலிருந்து கீழே வரும். பணமும் அதே வரிசையில் செலவாகும். தெருவுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டுமே தீர்ந்துவிடும். கட்டுப்பாட்டு அறையில் சுவர் முழுக்கத் திரை மாட்டி, பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் மின்னும். அந்தத் திரையில் எங்கள் தெருவின் கடைசி வீடு இருக்குமா என்பதுதான் கேள்வி. தொட்டியிலிருந்து எவ்வளவு வெளியே போனது என்பது மேட்டூர் திறப்புச் செய்தி மாதிரி. கடைமடையில் என்ன வந்தது என்பதை அது சொல்லாது.

இப்போதைக்கு அதைச் சொல்லக்கூடிய ஒரே கருவி வால்வ்மேன்தான்.

கையில் ஆளுயர இரும்புச் சாவியோடு வருவாரே, அவர்தான். எங்கள் பகுதியில் ஒருவர் இருக்கிறார். வால்வு இருக்கும் குழியான எந்த சேம்பரின் மூடி தார் போட்டபோது புதைந்துபோனது, எந்த வால்வு பதினேழு சுற்றுக்கு மேல் திரும்பாது, எந்த வால்வை முழுக்க மூடினாலும் கொஞ்சம் விடும், மேட்டுத் தெருவுக்கு ஏறவேண்டுமென்றால் பள்ளத் தெருவை எவ்வளவு நேரம் அடைத்து வைக்கவேண்டும் – எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லை. கன்னடத்தில் ஏரிப் பாசனத்துக்குத் தண்ணீர் பிரித்து விடுபவரை நீர்கண்டி என்பார்கள். நம் பக்கம் நீர்க்கட்டி. குழாய் வந்தாலும் அந்த உத்தியோகம் போகவில்லை, மண்வெட்டிக்குப் பதில் சாவி வந்தது, அவ்வளவுதான்.

இவரைத் தாண்டிப் போக இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். ஹூப்ளியில் தொடங்கிப் பெங்களூருக்கு வந்த நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம். வால்வைத் திறக்கும்போது வால்வ்மேன் தகவல் சொல்வார், உடனே அந்தத் தெரு வீடுகளின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். நல்ல யோசனை. தண்ணீருக்காகப் பாதி நாள் வீட்டில் காத்துக் கிடக்கும் பெண்களுக்கு அது பெரிய விடுதலையாகியிருக்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கள ஆய்வு செய்து பார்த்தபோது தகவல் முதல் கண்ணியிலேயே தடைப்பட்டது தெரிந்தது. வால்வ்மேன்கள் பல சமயம் தகவல் அனுப்பவே இல்லை. ஏன் அனுப்ப வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்கச் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு அது கூடுதல் வேலை. அதில் அவருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. தாமதமானால் தெருவே சண்டைக்கு வரும் என்பதுதான் மிச்சம். தொழில்நுட்பம் தோற்கவில்லை, அதன் ஒரு முனையில் நின்ற மனிதரைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து நீங்கள் செய்யக்கூடிய தவறு அதற்கு நேரெதிரானது. "மனிதரால்தானே தொல்லை, அவரை எடுத்துவிட்டு மோட்டார் வைப்போம்" என்பது.

மோட்டார் வைப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை. எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். 2024 கோடையில் நகரத்தின் 14,000 பொது போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்ன நாட்களில், எங்கள் சங்கம் அவசரமாக ஒரு ஏற்பாடு செய்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் ஒன்று, போனில் ஒரு செயலி. மட்டம் குறைந்தால் பம்ப் தானாக ஓடும். செயலாளர் காலைக் காபி குடித்துக்கொண்டே போனில் சதவீதம் பார்த்துப் பூரித்துப்போனார். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செயலி 92 சதவீதம் காட்டிக்கொண்டிருக்க, குழாய்களில் காற்றுதான் வந்தது. வாட்ச்மேன் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "காலி சார்" என்றார். சென்சாரின் முகத்துக்குக் கீழே சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒலி வலையில் பட்டுத் திரும்பியிருக்கிறது. கருவி பாவம், பொய் சொல்லவில்லை, தன் எதிரே உள்ளதைத்தான் சொன்னது.

அன்றைக்குச் செயலாளர் என்னிடம் கேட்டார்: "நீங்க இந்த லைன்லதானே இருந்தீங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம்தான். யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் சண்டையாகும் என்று சும்மா இருந்தேன். இப்போது நீங்களும் கேட்கவில்லைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில், கருவி தன் அளவை ஒயரில் மின்னோட்டமாக அனுப்ப நான்கு முதல் இருபது மில்லியாம்ப் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியாததா? அளவு பூஜ்யமாக இருந்தாலும் ஒயரில் நான்கு மில்லியாம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது என்று பொருள். அதாவது "ஒன்றும் இல்லை" என்பதும் "செய்தியே இல்லை" என்பதும் வேறு வேறு என்று அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்தார்கள். உங்கள் திரையில் அந்தப் பிரிவு இருக்கட்டும். சேம்பருக்குள் மழைத் தண்ணீர் நிரம்பும், பேட்டரி செத்துப்போகும், கனத்த இரும்பு மூடிக்குக் கீழே சிம் கார்டுக்கு சிக்னல் கிடைக்காது. அப்போது பழைய அளவையே பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும் திரை, சிலந்தி வலை கட்டிய சென்சாரைவிட ஆபத்தானது. எத்தனை நிமிடத்துக்கு முந்தைய அளவு என்பது எண்ணின் பக்கத்திலேயே தெரியவேண்டும்.

இன்னொன்று, 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் இருக்கிற ஊர்களுக்காக எழுதப்பட்ட மென்பொருளை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள். அந்த ஊர்களில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, நுழைவாயிலில் மீட்டர் வைத்து, இரவு இரண்டிலிருந்து நான்கு மணி வரை எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஊர் தூங்குகிற நேரம், அப்போது ஓடுவதெல்லாம் பெரும்பாலும் கசிவு. அருமையான முறைதான். இங்கே எங்கள் தெருவுக்கு முறை வருவதே சில நாள் இரவு இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் நாற்பது சம்ப்கள் ஒன்றாக நிரம்பிக்கொண்டிருக்கும். உங்கள் மென்பொருள் அதைக் கசிவு என்று கூவும். பத்து முறை கூவினால் பதினோராவது முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஓயாமல் அலறிய பஸ்ஸர் ஒன்றுக்குள் யாரோ பனியன் துணியை அடைத்து வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து உண்மையாகவே அலறவேண்டிய நாளில் அது முனகியது.

விட்டு விட்டு வரும் தண்ணீருக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது முதலில் காற்று வரும். வீட்டு மீட்டர் அந்தக் காற்றுக்கும் சுற்றும். நீங்கள் பெரிய குழாயில் வைக்கும் மின்காந்த ஓட்டமானி, குழாய் முழுக்க நிறைந்திருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். பாதி நிறைந்த குழாயில் அது சொல்வதை வைத்துக் கணக்கு போட்டால் ஊருக்கு விட்டும் பில்லில் சேராமல் போகும் 'கணக்கில் வராத நீர்' என்ற அந்தப் புகழ்பெற்ற சதவீதமே தப்பாகிவிடும். குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் விரிசல் வழியாக வெளியே உள்ள அழுக்கு உள்ளே வரும். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. தொட்டியில் அளந்தால் அது எப்போதும் இருக்கும். கடைசி வீட்டில் இருக்கிறதா? அதற்கு விலையுயர்ந்த கருவிகூட வேண்டாம், இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் டப்பா போதும். அந்த டப்பாவின் முடிவையும் உங்கள் திரையில் ஏற்ற ஒரு இடம் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் அந்த மோட்டார் வால்வு. வால்வ்மேன் சாவியைத் திருப்பி மூட ஐந்து பத்து நிமிடம் ஆகும். நடுவில் பீடி பற்ற வைப்பார், சேம்பர் பக்கத்து வீட்டு அம்மா இன்னும் இரண்டு குடம் கேட்பார். நாம் அதைச் சோம்பல் என்று நினைக்கிறோம். ஆனால் இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் கிட்டத்தட்ட பத்து கிலோ பிரஷர் கூடுதலாக எகிறும். 100 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் ஒன்றை ஒரே அடியாக வைத்ததுபோல. பழைய வார்ப்பிரும்புக் குழாயும் ஈயம் காய்ச்சி ஊற்றிய மூட்டும் அதைத் தாங்காது. அவருடைய பீடிதான் இத்தனை வருடம் அந்த மூட்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். மோட்டார் வையுங்கள், ஆனால் அவர் மூடும் வேகத்திலேயே மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் அவரிடமே கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வால்வைக் கையால் திருப்பும் சக்கரத்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் பெருமழையில் ஓடை பொங்கித் தொரேகாடனஹள்ளி பம்ப் ஹவுஸுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரப் பலகைகள் மூழ்கி, பம்ப் நின்று, நகரத்தின் பல பகுதிகளுக்குத் தண்ணீர் வராமல் போனது. மழை கொட்டி ரோடெல்லாம் ஆறாக ஓடிய அதே நாட்களில் குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட நாளில் இருக்கிற தண்ணீரைப் பங்கு போட ஆட்கள் தெருவில் இறங்கித்தான் ஆகவேண்டும். அவர்களுக்குச் சாவி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளம் மட்டும்தான் வரும் என்றில்லை. 2023 நவம்பரில் அமெரிக்காவில் அலிக்விப்பா என்ற சிறிய ஊரின் தண்ணீர் அமைப்பில், அழுத்தம் கூட்டும் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வெளியாட்கள் இணையம் வழியாகப் புகுந்துவிட்டார்கள். அந்த வகைப் பெட்டிக்குத் தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் கடவுச்சொல் 1111. ஊழியர்கள் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் இயக்கினார்கள், ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை. கையால் இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், கவனியுங்கள். 2021 பிப்ரவரியில் புளோரிடாவின் ஓல்ட்ஸ்மாரில் குடிநீரில் கலக்கும் காஸ்டிக் சோடாவின் அளவு பத்து லட்சத்தில் 100 பங்கு என்றிருந்தது திரையில் 11,100 ஆக மாறியதைப் பணியில் இருந்தவர் கண்ணால் பார்த்து உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அது வெளியாள் வேலையா, உள்ளே நடந்த கைத்தவறா என்ற விவாதம் அப்புறம் எழுந்தது. எதுவாக இருந்தால் என்ன, பார்க்க ஒரு ஆள் இருந்தார். இன்னும் பழைய கதை ஒன்று, 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் நடந்தது. அந்தக் கழிவுநீர் அமைப்பை நிறுவிய ஒப்பந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், நகராட்சியில் வேலை கேட்டுக் கிடைக்காத கோபத்தில், காரில் உட்கார்ந்தபடி ரேடியோவும் மடிக்கணினியும் வைத்து எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் திறந்துவிட்டார். கடவுச்சொல்லைவிட இந்த மூன்றாவது கதையை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வராது. ஒப்பந்தம் முடிந்து போகிறவர்களிடமிருந்து சாவிகளைத் திரும்ப வாங்குவது யார் பொறுப்பு என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே வால்வில் தண்ணீர் பெறும் ஒவ்வொரு பகுதியிலும் மிக உயரத்தில், மிகக் கடைசியில் இருக்கும் வீட்டு இணைப்பில் ஒரு அழுத்த அளவி. மோட்டார் வால்வோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. பெரிய குழாய்க்கு மோட்டார் வால்வு வாங்குவதற்கு முன்னாலேயே இதை வாங்குங்கள். அந்த அளவி காட்டும் எண் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிற அதே நேரத்தில் எங்களுக்கும் தெரியட்டும். செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் தண்ணீர் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் பட்டன் போன் வைத்திருக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்கள். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கன்னடத்திலோ தமிழிலோ உருதுவிலோ "உங்க தெருக்கடைசிக்குத் தண்ணி வந்தாச்சு" என்று ஒரு குரல் சொல்லட்டும். வால்வ்மேனுக்கும் அது நல்லது. திறந்தாரா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அளவி சாட்சி சொல்லிவிடும், அவர் யாரிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை.

அவரைச் சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கும் வரி உங்கள் திட்ட அறிக்கையின் சேமிப்புக் கணக்கில் எங்காவது இருந்தால், அதை அடித்துவிடுங்கள். அவர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, வரைபடத்தைச் சரிபார்க்க ஆறு மாதம் சம்பளத்தோடு உங்களுடன் உட்கார வையுங்கள். புதைந்துபோன மூடிகளைக் கண்டுபிடிக்க ரேடார் வண்டி வாடகைக்கு எடுப்பதைவிட மலிவாக முடியும்.

எங்கள் பகுதிக்கு வியாழன் இரவு முறை. வால்வ்மேன் ஒன்றரை மணிக்கு மேல் வருவார். உங்களில் யாராவது ஒருவர் வந்தால் போதும், எங்கள் வீட்டு வாசலில்தான் முதல் சேம்பர் இருக்கிறது, தெருவிளக்கு எரியாது, டார்ச் கொண்டுவாருங்கள். காபி நான் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் ஒருவர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு